சொக்கலிங்கம் ஏறிய கப்பல்

1958ஆம் வருஷம் ஜூன் மாதம் பதினோராம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு அந்தமானின் சாத்தம் ஜெட்டியிலிருந்து மெட்ராசுக்குப் புறப்பட வேண்டிய கப்பல், டாலிகஞ்ச் மளிகைக் கடைக்காரர் சொக்கலிங்கம் அதில் ஏறியிருந்த காரணத்தால் நகரவில்லை. கயிறுகளை அவிழ்த்தாகிவிட்டது, சங்கு ஊதியாகிவிட்டது, இன்ஜினும் ஓடியது. பின்பக்கம் தண்ணீர் நுரை நுரையாகப் பொங்கியது. புகைபோக்கியிலிருந்து கிளம்பிய கரித்தூள் பக்கத்து மரமில்லில் அறுத்து அடுக்கியிருந்த படாக் மரப் பலகைகளின் மேல் போய்ப் படிந்தது. கப்பல் மட்டும் ஜெட்டியை விட்டு ஒரு சாண் விலகி, அப்படியே நின்றது. அடியில் மணல் தட்டியிருக்குமோ என்று ஆள் இறக்கிப் பார்த்தார்கள்; முப்பது அடிக்கு மேல் தண்ணீர் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் கயிற்றைக் கட்டிப் படியைப் போட்டார்கள். சொக்கலிங்கத்தைக் கண்காணிக்கக் கூடவே வந்திருந்த போலீஸ்காரருக்கு அதற்குள் பசி வந்துவிட்டது. கைதியைக் கண்ணை விட்டு அகலவிடக் கூடாது என்பது உத்தரவாகையால், டீக்கடைக்கு அவரையும் அழைத்துக்கொண்டு இறங்கினார். சொக்கலிங்கத்தின் செருப்பு ஜெட்டியின் பலகையில் பட்டதுதான் தாமதம், கப்பல் ஒரு குலுங்கு குலுங்கி, கட்டியிருந்த இரண்டு வடத்தையும் அறுத்துக்கொண்டு தானாகவே இருபது கஜம் போய்விட்டது. அதன்பிறகு அதைத் திரும்பக் கூப்பிட கேப்டனுக்கு மனமில்லை. போலீஸ்காரரும் சொக்கலிங்கமும் ஆளுக்கு ஒரு டீயும் பொறையும் சாப்பிட்டுவிட்டு ஊருக்குள் திரும்பினார்கள்.

அதுவரை சொக்கலிங்கம் ஊர் வாயில் விழும்படி எதுவும் செய்தவரில்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து 1949இல், இருபத்திரண்டு வயதில், ஒரு மரக் கான்ட்ராக்டரின் ஸ்டோருக்கு வேலைக்கு வந்தவர். கான்ட்ராக்டர் நொடித்துப் போய் ஊர் திரும்பியபோது இவர் மட்டும் தங்கிவிட்டார். டாலிகஞ்ச் வளைவில் தகரக் கூரை போட்டு அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு, கயிறு என்று ஆரம்பித்தது, ஆறு வருஷத்தில் ஒரு கோடவுனும் ஒரு பழைய லாரியுமாக வளர்ந்தது. பொதுப்பணித் துறையில் கொத்தனாராக இருந்த வந்தவாசிக்காரர் ஒருவரின் மகள் நீலாவதியைக் கட்டினார். கடையில் உட்கார்வது அவள், கோடவுனில் நிற்பது இவர். தெருவில் கொடி பிடித்து யாராவது வந்தால் கடைக் கதவைப் பாதி இறக்கிவிடுவார். போன பிறகு ஏற்றுவார். யார் கேட்டாலும், "நமக்கெதுக்குப்பா" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே அபர்தீன் பஜார் வியாபாரிகள் அவரை நல்ல மனுஷர் என்றார்கள்.

கடைக்குப் பின்னால் ஒரு மேடு இருந்தது. மேட்டில் அறுபத்து மூன்று குடிசைகள். ரோடு வெட்டவும் மரம் ஏற்றவும் கான்ட்ராக்டில் வந்தவர்கள், வேலை முடிந்தும் போகாமல் போட்டுக்கொண்டவை அவை. ராமநாதபுரம், திருநெல்வேலி, தூத்துக்குடிக் கடற்கரை, அங்கங்கே சில தெலுங்குக் குடும்பங்கள். சர்க்கார் கூட்டிவந்து குடியேற்றியவர்களுக்கு ஐந்து ஏக்கர் வயலும் எருமையும் கொடுத்து ஒரு பட்டியலில் பெயர் எழுதினார்கள். தாமாக வந்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பெயர் இல்லாததால் அவர்கள் இல்லை என்பது ஆபீசின் கணக்கு. அவர்களோ காலையில் எழுந்து ஃபீனிக்ஸ் பே-க்கும் சாத்தமுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் மே மாதம் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டு, மெயின்லேண்டிலிருந்து அரிசிக் கப்பல் மூன்று வாரம் பிந்தியது. புதிதாக வந்திருந்த அதிகாரி ஒருவர், இருக்கிற அரிசியைப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் விற்க வேண்டும், மற்றவர்களுக்கு விற்கும் கடைக்காரர் தீவில் இருக்க முடியாது என்று உத்தரவு போட்டார். அந்தமானின் புழுக்கத்திலும் அவர் கம்பளிக் கோட்டைக் கழற்றியதில்லை. அதனால் ஊரில் அவருக்குக் கோட்டு சாப் என்று பெயர். உத்தரவு வந்த அன்று சொக்கலிங்கம் வழக்கம்போலக் கதவைப் பாதி இறக்கினார். மேட்டிலிருந்து முதலில் வந்தவள் சூசைமேரி. டிங்கிப் படகில் மீன் பிடிக்கிற அந்தோணிமுத்துவின் மனைவி. கையில் துணிப்பை. அவர், "உத்தரவு இல்லம்மா" என்றார். அவள் காலிப் பையை மடித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மத்தியானம் சொக்கலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் அவள் வந்தாள். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் கடைக்கு எதிரே நின்றாள். பின்னாலேயே ஒவ்வொருவராக மேடு முழுக்க வந்து நின்றது. சத்தம் போட்டிருந்தால் அவர் மீதிக் கதவையும் இறக்கியிருப்பார். யாரும் போடவில்லை. பத்து மணிவாக்கில் அவர் எழுந்து கதவை முழுசாக ஏற்றி, "நீலா, எல்லாருக்கும் போடு" என்றார்.

நீலாவதி அவரை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள். "நெசமாவா சொல்றீங்க?"

"நெசமாத்தான். என்ன விலையோ அந்த விலைக்கே போடு."

மூன்றாம் நாள் ஆபீசில் கோட்டு சாப் அவரை நிற்க வைத்தே விசாரித்தார். அவர்களுடைய பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டார். சொக்கலிங்கம் யோசித்துத் தனக்குத் தெரிந்த இந்தியில் பதில் சொன்னார். "லிஸ்ட் மே நாம் நஹீன் சாப். பேட் ஹை." பெயர் இல்லை, வயிறு இருக்கிறது என்ற அந்தப் பதிலை எழுத்தர் அப்படியே பதிந்துகொண்டார். அதன் கீழேயே தீவை விட்டு வெளியேற்றும் உத்தரவு எழுதப்பட்டது. அதன்படி ஏற்றியபோதுதான் ஜூன் பதினோராம் தேதி கப்பல் நின்றது. அடுத்த கப்பலில் ஏற்றினார்கள், அதுவும் நின்றது. இந்த முறை பயணிகளே அவரைத் தேடிக் கண்டுபிடித்து மரியாதையாக இறக்கிவிட்டார்கள். மறு வருஷம் பிப்ரவரியில் விமானத்தில் ஏற்றினார்கள். விமானம் ஓடுதளத்தின் கடைசி வரை ஓடி, எழும்பாமல் திரும்பி, மறுபடி ஓடி, நான்கு தடவை இப்படிச் செய்துவிட்டு, மறுபடி மேயக் காத்துக்கொண்டிருந்த ஆட்டுக்கூட்டத்துக்கு அருகில் போய் நின்றது. விமானி எடை அதிகம் என்று எழுதினார். மரமில் தராசில் நிறுத்திப் பார்த்ததில் சொக்கலிங்கம் நூற்று இருபத்தெட்டு பவுண்டுதான் இருந்தார், அதுவும் செருப்போடு. இதிலெல்லாம் அவருக்குத் தனியாக எதுவும் தெரியவில்லை. கப்பல் கயிற்றை அவிழ்க்கும்போது குதிகாலில் லேசாக ஒரு கடுகடுப்பு மட்டும் இருக்கும் என்றார். அனுப்புவது சாத்தியப்படவில்லை என்று எழுதி அந்தக் கோப்பை மூடினார்கள். கோட்டு சாப் மாற்றலாகிப் போனார். அவர் ஏறிய கப்பல் குறித்த நேரத்துக்குக் கிளம்பியது.

அரசியல் சொக்கலிங்கத்தைத் தேடி வந்தது இப்படித்தான். அதற்குள் ஓட்டர் பட்டியலில் மட்டும் பெயர் ஏறிவிட்ட மேட்டுக்காரர்கள் முனிசிபல் தேர்தலுக்கு அவர் பெயரைக் கொடுத்துவிட்டு, பிறகுதான் அவரிடம் சொன்னார்கள். அவர், "நமக்கெதுக்குப்பா" என்று ஆரம்பித்து, பாதியில் தானே நிறுத்திக்கொண்டார். எதிர்த்து நின்றவர் கான்ட்ராக்டர் பாலசுப்பிரமணியம். படித்தவர், கல்கத்தாவிலும் மெட்ராசிலும் ஆள் பழக்கம் உள்ளவர். கூட்டத்தில் அவர், "சொக்கலிங்கத்தால் ஒரு காரியத்துக்கு மெயின்லேண்ட் போய்வர முடியுமா? இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே கராச்சர்மா வரைக்கும் சுவர்களில் கரியால் எழுதிவிட்டார்கள்: போகாதவருக்கே ஓட்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் சொக்கலிங்கம் ஜெயித்தார். மேட்டுக்கு இரண்டு தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தார். கடைக் கதவைப் பாதி இறக்கும் வழக்கம் விட்டுப்போயிற்று. அந்த வருஷம் நூறு தேங்காய் பன்னிரண்டு ரூபாய்க்கு விற்றது.

1962 ஆகஸ்டில் தந்தி வந்தது. ஊரில் அவருடைய தாயார் அன்னம்மாளுக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது, மகன் பெயரைச் சொல்லிக் கேட்கிறாள், உடனே வரவும். அன்றைக்குக் கப்பல் இருந்தது. சொக்கலிங்கம் ஒரு பையில் இரண்டு வேட்டியை வைத்துக்கொண்டு ஏறினார். தன்னை யாரும் துரத்தவில்லை, தானாகத்தானே போகிறோம், அதனால் போகும் என்று நம்பினார். கயிறு அவிழ்ந்தது. குதிகால் கடுகடுத்தது. கப்பல் நின்றது. ஒரு மணி நேரம் மேல்தட்டில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, வாய்க்குள்ளேயே "போ, போ, இந்த ஒரு தரம் போ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வலது காலைத் தூக்கித் தட்டின் இரும்பில் ஓங்கி ஓங்கி அடித்தார். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. பயணிகள் நானூறு பேர் இருந்தார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண் ஒருத்தி அவருக்குப் பக்கத்தில் தன் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. கேப்டன் மேலே நின்று பார்த்தார், அவரும் சொல்லவில்லை. அந்தப் பெண் மட்டும் தன் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி, "காலக் கழுவிக்குங்கண்ணே" என்றாள். சொக்கலிங்கம் காலைக் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, தானாக இறங்கினார். படியடியில் நின்ற நீலாவதி அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, கட்டின சேலையோடு அவருக்குப் பதிலாக ஏறினாள். கப்பல் கிளம்பியது.

அவள் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்தது. இங்கே சாவுத் தந்தியைப் பார்த்த சொக்கலிங்கம் கடலோரத்தில் மொட்டையடித்துக்கொண்டு வடக்கு எது மேற்கு எது என்று கேட்டுக் கேட்டு முழுகினார். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்த நீலாவதியிடம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அம்மா கடைசியில் என்ன சொன்னாள்?

"பக்கத்துல இருந்தவங்க சொன்னதச் சொல்றேன். 'வராட்டிப் போறான், இருக்குற எடத்துலயாவது உருப்படியா இருக்கச் சொல்லு'ன்னாங்களாம்."

"திட்டித்தான் சொன்னாளா?"

"திட்டித்தான்."

அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இதற்குப் பிறகுதான் சொக்கலிங்கம் வேறு ஆளானார் என்று டாலிகஞ்சில் சொல்வார்கள். முன்பெல்லாம் ஆபீசுக்குப் போனால் வாசலில் நிற்பார். இப்போது நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாயின் முகத்தைப் பார்க்கக்கூட என்னை விடாத இந்த மண்ணில் என் உரிமை என்ன என்று எழுதிக் காட்டு என்று எழுத்தர்களைக் கேட்டார். மேட்டு நிலத்துக்குப் பட்டா வேண்டுமென்று நூற்று நாற்பத்தொரு மனு எழுதினார். 1964இல் தீவுகள் முழுமைக்குமான ஆலோசனைக் குழுவுக்கு அவரை உறுப்பினராக எடுத்துக்கொண்டார்கள். வெளியே வைத்திருப்பதைவிட உள்ளே வைத்திருந்தால் மனு குறையும் என்று நினைத்தார்கள். குறையவில்லை. ஆனால் நிலத்தைப் பற்றிய முடிவெல்லாம் டெல்லியில் எடுக்கப்பட்டது. டெல்லிக் கூட்டத்துக்கு மற்ற உறுப்பினர்கள் போனார்கள், சொக்கலிங்கத்தின் நாற்காலி அங்கே காலியாக இருந்தது. 1967 ஜனவரிக் கூட்டத்துக்குப் போய்வந்த இன்னொரு உறுப்பினர் பாலசுப்பிரமணியம் நேராக டாலிகஞ்ச் கடைக்கே வந்தார். மேடு ஒரு டிப்போவுக்காக எடுக்கப்படுகிறது, அறுபத்து மூன்று குடும்பத்தையும் மெயின்லேண்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள், தானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றார். நல்லவர்தான், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வந்திருந்தார்.

"நீங்க அங்க இருந்திருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார் போகும்போது. சொக்கலிங்கம் கடையிலிருந்த உப்பு மூட்டையின் மேல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். தன் கால் தன்னைக் காப்பாற்றி மற்றவர்களைக் கைவிட்டுவிட்டது என்று அவருக்குத் தோன்றியது.

ஏப்ரல் நான்காம் தேதி காலை ஏழு மணிக்கு ஒன்பது லாரிகள் வந்தன. கூட வந்த அதிகாரி கோட்டு சாப். மூன்று படி உயர்ந்து, தலை நரைத்து, அதே கோட்டோடு திரும்ப வந்திருந்தார். சொக்கலிங்கம் ஓடிப்போய் முதல் லாரியில் ஏறி நின்றார். லாரி உறுமியது, சக்கரம் செம்மண்ணைத் தோண்டியது, நகரவில்லை. மேட்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். கோட்டு சாப் சிரிக்கவில்லை. அவர் பழைய கோப்பைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். "அவரை மட்டும் இறக்கு" என்றார். நான்கு போலீஸ்காரர்கள் சொக்கலிங்கத்தைத் தூக்கிக் கடை வாசலில் வைத்தார்கள். லாரி நகர்ந்தது. ஒன்பதும் நகர்ந்தன. அறுபத்து மூன்று குடும்பம், சட்டி பானை, கோழிகள், ஒரு தையல் மிஷின், மாதா படம் எல்லாம் சாத்தமுக்குப் போய்க் கப்பலில் ஏற்றப்பட்டன. கப்பல் படியில் இரண்டு காவலர்களை நிறுத்தி, யாரை வேண்டுமானாலும் ஏற்றலாம், சொக்கலிங்கத்தை ஏற்றக் கூடாது என்று உத்தரவு. எந்த மனுஷனைக் கப்பலில் ஏற்ற ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பாடுபட்டார்களோ, அதே மனுஷன் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள இப்போது ஆள் போட்டார்கள்.

அந்தோணிமுத்து அன்று விடியுமுன்னே மீனுக்குப் போயிருந்தான். ஒன்பது மணிக்கு ஃபீனிக்ஸ் பே-யில் டிங்கியைக் கட்டும்போது சொக்கலிங்கம் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அந்தோணி, உன் பொண்டாட்டி பிள்ளைங்களக் கப்பல்ல ஏத்திட்டாங்க."

"எந்தக் கப்பல்ல அண்ணாச்சி? நான் இங்கன நிக்கேன், அவள எங்க கொண்டுபோறானுவ?"

"பேசாத. கயித்த அவுரு. கடல் பக்கமாக் கொண்டுபோய் என்னைக் கப்பலோட சேத்துவிடு."

"ஏறிட்டா நிக்குமா?"

"தெரியல. எனக்காக நின்னுச்சு. அவங்களுக்காக நிக்குமான்னு தெரியல. நீ தள்ளு."

சாத்தமைச் சுற்றி வரும்போது கப்பல் ஜெட்டியை விட்டு இருநூறு கஜம் வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. சொக்கலிங்கத்துக்கு நீந்தத் தெரியாது. மரக்கட்டை ஏற்றும் கயிற்று வலை ஒன்று கப்பலின் பக்கவாட்டில் சுருட்டாமல் தொங்கியது. அந்தோணிமுத்து டிங்கியை அதன் அடியில் கொண்டுபோய் ஒட்டினான். அலை ஒருதரம் தூக்கியபோது சொக்கலிங்கம் இரண்டு கையாலும் வலையைப் பிடித்துத் தொங்கினார். அந்தத் தடவை குதிகாலில் கடுகடுப்பு அல்ல. இடுப்பு வரைக்கும் தீயாக ஏறியது. கப்பல், நடு ரோட்டில் மாடு படுத்துக்கொண்ட வண்டி மாதிரி, ஒரு பக்கம் சாய்ந்து நின்றுபோனது. மேலே நின்ற மேட்டுக்காரர்கள் வலையோடு சேர்த்து அவரைத் தூக்கிக்கொண்டார்கள். அந்தோணிமுத்து டிங்கியைத் தண்ணீரில் விட்டுவிட்டு அவருக்குப் பின்னாலேயே ஏறினான்.

கப்பல் துறைமுகத்து நடுவில் மூன்று நாள் நின்றது. அதில் விடுமுறைக்குப் போகும் அதிகாரிகள், தபால் மூட்டைகள், கல்லூரிப் பரீட்சைக்குப் போகிறவர்கள், கோட்டு சாப்பின் மனைவி, இரண்டு மகள்கள் எல்லாம் இருந்தார்கள். முதல் நாளே கோட்டு சாப் மோட்டார் லாஞ்சில் வந்து ஏறினார். சொக்கலிங்கம் தட்டின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி மேடு முழுவதும் உட்கார்ந்திருந்தது.

"சொக்கலிங்கம், நீ மட்டும் இறங்கு. உன் கடை, கோடவுன், கமிட்டிப் பதவி எதையும் நான் தொடமாட்டேன். எழுதித் தருகிறேன்" என்றார் இந்தியில்.

"இறங்குறேன் சாப். இவங்க எல்லாரும் முன்னால இறங்கட்டும், கடைசியா நான் இறங்குறேன்."

"இவர்களுக்கு இங்கே நிலம் இல்லை."

"எனக்கும் அங்க இல்ல சாப். உங்க கப்பலையே கேட்டுப் பாருங்க."

பன்னிரண்டு போலீஸ்காரர்கள் அவரைத் தூக்க வந்தார்கள். சூசைமேரி அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையை அந்தோணிமுத்து பிடித்தான், அவன் கையை அடுத்தவர், அவரை அடுத்தவர் என்று முந்நூற்றுப் பத்து பேரும் கோத்துக்கொண்டார்கள். ஒருவரைத் தூக்க வேண்டுமானால் எல்லோரையும் தூக்க வேண்டும். இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, ராஞ்சிக்காரக் காவலர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பீடி கேட்டார். நீலாவதி ஃபீனிக்ஸ் பே படகுகளில் சோற்று அண்டாக்களை அனுப்பிக்கொண்டே இருந்தாள். போலீசுக்கும் போட்டார்கள்; இரண்டாம் நாள் கோட்டு சாப்பின் மகள்களும் வரிசையில் தட்டோடு நின்றார்கள். சாயங்காலம் மழை பெய்தது. கைகோத்தவர்கள் நனைந்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். சொக்கலிங்கத்துக்குக் காய்ச்சல் கண்டது. தான் செத்துப்போனால் கப்பல் போய்விடுமே என்ற பயம் ஒன்றுதான் அவருக்கு. அதை அந்தோணிமுத்துவிடம் மட்டும் சொன்னார். அவன், "சாவாதிய அண்ணாச்சி, வேல கெடக்கு" என்றான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கேப்டன் மேலேயிருந்து இறங்கி வந்தார். கப்பலில் நல்ல தண்ணீர் முடியப்போகிறது, மெட்ராசில் துறைமுகத்தார் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள். அவருக்கு மேட்டின் மீதும் கோபமில்லை, டிப்போ மீதும் ஆசையில்லை. கோட்டு சாப்பைப் பார்த்து, "ஏ மேரா ஜஹாஸ் ஹை சாப், ஆப்கா ஃபைல் நஹீன்" என்றார். இது என் கப்பல், உங்கள் கோப்பு அல்ல என்ற அந்த வார்த்தையைத் தட்டில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். பிறகு படகுகளை இறக்கச் சொன்னார். கோட்டு சாப் தன் மகள்களைப் பார்த்தார். பெரியவள் அப்போதும் கையில் தட்டை வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டி பானை, கோழிகள், தையல் மிஷின், மாதா படம், அறுபத்து மூன்று குடும்பம் எல்லாம் இறங்க நாலு மணி நேரமாயிற்று. சொக்கலிங்கத்தை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கடைசியாக இறக்கினார்கள்.

மேட்டில் குடிசை ஒன்றுகூட மிச்சமில்லை, பிடுங்கிக் குவித்திருந்தார்கள். சொக்கலிங்கம் காய்ச்சலோடு ஏணி போட்டுத் தன் கோடவுன் கூரையின் தகரங்களைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார். பதினோரு நாளில் மேடு மறுபடி நின்றது. மறுபடி லாரி அனுப்ப உத்தரவு வந்தபோது, டாலிகஞ்ச் வளைவில் கியர் விழாது என்று ஒன்பது டிரைவர்களும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வளைவில் அவர்களுக்குத் தினமும் கியர் விழுந்துகொண்டுதான் இருந்தது. டிப்போவை வேறு இடத்தில் கட்டினார்கள்.

உறுப்பினர் டெல்லிக்கு வர இயலாதவர் என்பதால் டெல்லிக் குழு 1969 நவம்பரில் தீவுக்கு வந்தது. ஐந்து பேர், மேட்டிலேயே மேசை போட்டு உட்கார்ந்தார்கள். பாலசுப்பிரமணியம் தான் போட்ட பழைய கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக்கொண்டு வந்திருந்தார். சொக்கலிங்கம் ரொம்பப் பேசவில்லை. "நான் வரமுடியாது, அதனால நீங்க வந்தீங்க. இவங்க போகமாட்டாங்க, அதனால பட்டா குடுங்க" என்றார். குழுவின் தலைவர் அந்த நியாயத்தைத் தன் பக்கத்தில் இருந்தவரிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார். ஆங்கிலத்திலும் அது சரியாகவே இருந்தது. மறு வருஷம் பொங்கலுக்கு முந்தின நாள் அறுபத்து மூன்று பட்டாக்கள் வந்தன. சூசைமேரியின் பட்டாவில் பெயர் தப்பாக அச்சாகியிருந்தது. திருத்திவரச் சொக்கலிங்கம் மூன்று தடவை ஆபீசுக்கு நடந்தார்.

1971 மார்ச்சில் கோட்டு சாப் ஓய்வுபெற்று மெயின்லேண்டுக்குப் புறப்பட்டார். ஆலோசனைக் குழு உறுப்பினர்கள் வழியனுப்பப் போவது மரியாதை. சொக்கலிங்கமும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு சாத்தமுக்குப் போனார். கோட்டு சாப் படி ஏறி மேல்தட்டில் போய் நின்றார். முதல் தடவையாகக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். உள்ளே ரொம்ப ஒல்லியான மனுஷர். சொக்கலிங்கம் படியருகே போய், அதன் முதல் பலகையில் வலது காலைத் தூக்கி வைத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஜெட்டியில் இருந்த அத்தனை பேரும் அந்தக் காலைப் பார்த்தார்கள். மேலேயிருந்து கோட்டு சாப்பும் பார்த்தார். கேப்டன் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் சொக்கலிங்கம் காலை எடுத்துக்கொண்டார். ஊர் வழக்கப்படி போய்ட்டு வாங்க என்றுதான் சொல்ல வேண்டும்.

"போங்க" என்றார்.

கப்பல் கிளம்பியது. அன்றைய துறைமுகப் பதிவேட்டில் தாமதம் நான்கு நிமிடம் என்றும், காரணம் என்ற இடத்தில் சொக்கலிங்கம் என்றும் எழுதியிருக்கிறது.